அந்தமான் டூரில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டால் என்ன?

முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர், பண்ருட்டி பக்கத்தில் குடும்பச் சுற்றுலா என்றால் ஒரு காலத்தில் திருப்பதி, பழநி, மிஞ்சிப்போனால் ஊட்டி. வேன் பேசி, புளிசாதம் கட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவார்கள். இப்போது கதை மாறிவிட்டது. நெய்வேலி டவுன்ஷிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்தார் என்று இவர் போகிறார், இவர் போய்வந்த போட்டோவைப் பார்த்து முந்திரி வியாபாரம் செய்யும் மச்சான் குடும்பம் போகிறது. எங்கே? அந்தமானுக்கு!

போவதில் தப்பே இல்லை. சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். போர்ட் பிளேர் பஜாரில் (2024 செப்டம்பரில் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள்) தமிழிலேயே பேசி இட்லி வாங்கிச் சாப்பிடலாம். அந்தத் தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழி தமிழ்தான். விமானத்துக்குக் காசில்லாதவர்களுக்குக் கப்பல் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போய்வர அரசே சிறப்பு அனுமதி தந்திருக்கிறது. பிறகென்ன, கூட்டம் சேராமல் இருக்குமா?

ஆனால் டூர் ஏஜென்ட் கொடுக்கும் அந்த ஐந்து ராத்திரி, ஆறு பகல் நிகழ்ச்சி நிரலில் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மற்ற நாட்கள். ஒரு நாள் செல்லுலார் ஜெயில், சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி. 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையைப் பார்க்காமல் வருவது பாவம். ஒரு நாள் ராஸ் தீவு. பிறகு ஹேவ்லாக், நீல் தீவுகள். 2018 டிசம்பரில் ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் பெயரை வைத்தார்கள், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷாகீத் தீவு ஆனது. டிக்கெட் கவுண்டரில் இரண்டு பெயரும் ஓடுகிறது. ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020-ல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. கடலூர் தேவனாம்பட்டினத்தின் கலங்கிய அலையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிறம் கண்ணாடியில் வண்ணம் ஊற்றியது போலத்தான் தெரியும். பொய் சொல்லிப் பயனில்லை, அவ்வளவு அழகு!

அழகோடு ஆபத்தும் உண்டு. 2010-ல் அதே ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றுவிட்டது. முதலை ஆற்றில் இருக்கும், குளத்தில் இருக்கும், கடலிலுமா இருக்கும் என்று நம்மவர்கள் கேட்பார்கள். இருக்கும். அந்தமான் சதுப்புக் காட்டு ஓடைகளில் வளரும் முதலைகள் உப்புத் தண்ணீரில் சாதாரணமாக நீந்தித் தீவு விட்டுத் தீவு போகும். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் பலகையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அவர்களை என்ன செய்வது!

வனவிலங்கு என்று சொல்லி அங்கே காட்டுவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ராஸ் தீவில் புள்ளிமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் புள்ளிமான் அந்தமானின் விலங்கே அல்ல. பிரிட்டிஷ்காரர்கள் வேட்டையாடி மகிழக் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ அங்கே கிடையாது. மான் பெருகிப் போய், காட்டில் முளைக்கிற இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகிறது. யானையும் அப்படித்தான். மரம் இழுக்கக் கப்பலில் கொண்டுபோனவை. ஹேவ்லாக்கில் கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை 2016-ல் செத்தது. அதுவும் 1970-களில் மரக்கட்டை இழுக்க அங்கே போனதுதான். சொந்தமாக அந்தத் தீவுகளுக்கென்று இருப்பவை அந்தமான் காட்டுப் புறா, நார்கொண்டம் என்ற ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் வாழும் இருவாட்சி, காட்டுப்பன்றி, தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு, கடலுக்குள் ஆவுளியா என்கிற கடல்பசு. இவற்றில் பாதியைச் சுற்றுலாப் பயணி பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததால்தான் பிழைத்திருக்கின்றனவோ என்னவோ.

சரி, அந்த ஒரு நாளுக்கு வருவோம். நிகழ்ச்சி நிரலில் அதன் பெயர் "பாராடாங் தீவு: சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை". விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தோடு வண்டியில் ஏறி, ஜிர்கடாங் என்ற சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். கேட் திறந்ததும் எல்லா வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, காவல் வண்டியோடு ஊர்வலம் மாதிரி புறப்படும். சுமார் 50 கிலோமீட்டர் காட்டு வழி. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நிற்கக்கூடாது, முந்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, எதையும் தூக்கி எறியக்கூடாது.

ஏன் இத்தனை "கூடாது"? அந்தக் காடு ஜாரவா மக்களின் வீடு. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். முத்தாண்டிக்குப்பத்தில் இரண்டு தெருவை எண்ணினால் அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். காட்டுப்பன்றி, மீன், தேன், கிழங்கு என்று பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் காட்டிலேயே வாழ்கிறவர்கள். 1970-களில் அந்தமான் நெடுஞ்சாலையை அவர்கள் காட்டுக்குள் வெட்டியபோது அம்பெய்து எதிர்த்தார்கள். சாலை நிற்கவில்லை. 1997-98-க்குப் பிறகு அம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்களே வெளியே வரத் தொடங்கினார்கள். வந்ததும் என்ன கிடைத்தது? 1999-ல் தட்டம்மை பரவியது. 2006-ல் மறுபடியும். வெளியுலகத்தோடு கலக்காத உடம்புக்குத் தட்டம்மை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்து வேப்பிலை கட்டிப் போகிற அம்மை மாதிரி அல்ல.

அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 1858-ல் பிரிட்டிஷார் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது கிரேட் அந்தமானியர்கள் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1859-ல் அபர்டீன் என்ற இடத்தில் வில்லும் அம்புமாக எதிர்த்து நின்று பார்த்தார்கள். துப்பாக்கி கொன்றதைவிட நோய் கொன்றது அதிகம். 2011-ல் மிஞ்சியவர்கள் 44 பேர். 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது அவரோடு 'போ' என்ற மொழியே செத்துப்போனது, அதைப் பேச இன்னொருவர் இல்லை. ஓங்கே மக்கள் 1901-ல் 672 பேர், 2011-ல் 101 பேர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் உச்ச நீதிமன்றம் 2002 மே மாதமே, ஜாரவா காட்டுக்குள் போகும் சாலைப் பகுதியை மூடச் சொன்னது. மூடவில்லை. 2012 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியாகி உலகமே பார்த்தது. சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லுகிற வீடியோ. அரசுக்கு அவமானமாகிவிட்டது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அத்துமீறினால் 7 ஆண்டு வரை சிறை என்றார்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் போகவே கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. மார்ச் மாதம் தடை நீங்கியது. வண்டிகள் மறுபடி வரிசையில் நின்றன.

இங்கே இரண்டு பேர் நியாயம் பேசுவார்கள். இரண்டு பேரையும் கேட்கத்தான் வேண்டும்.

முதல் ஆள் ரங்கத்திலோ மாயாபந்தரிலோ திக்லிப்பூரிலோ குடியிருப்பவர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்து அரசு கொடுத்த நிலத்தில் காடு திருத்திய குடும்பம். உடம்பு முடியாமல் போனால் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வர அவருக்கு அந்தச் சாலைதான் வழி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நம்ப முடியாது. அவர் சொல்வது நியாயம். அவருடைய பஸ்ஸை மறிக்க யாருக்கும் மனசு வராது. கப்பல் போக்குவரத்தை ஒழுங்காக நடத்திவிட்டு அப்புறம் அவரிடம் பேசலாம்.

இரண்டாவது ஆள் சுற்றுலாப் பயணி. "நாங்க போட்டோ எடுக்கலியே, பிஸ்கட் போடலியே, குகை பார்க்கத்தானே போறோம்" என்பார். அவரிடம்தான் வம்பு. குகை பார்க்க மட்டும் போகிறவர், ஜிர்கடாங் தாண்டியதும் ஜன்னல் பக்கத்து சீட்டுக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்? திரும்பி வந்ததும் ஊரில் கேட்கிற முதல் கேள்வி "குகை எப்படி இருந்துச்சு?" என்பதா, "ஆதிவாசியைப் பாத்தீங்களா?" என்பதா? பார்த்தவர் பெருமையாகச் சொல்வார், பார்க்காதவர் காசு வீண் என்பார். முண்டந்துறையில் புலி தென்படாமல் திரும்பியவர் பேசுவது போலவேதான் இதுவும் இருக்கும். அங்கே நின்றது ஒரு தாயும் கைக்குழந்தையும். அவர்கள் வீட்டு வாசல் அது.

முத்தாண்டிக்குப்பம் தெருவில் தினமும் காலையில் போலீஸ் வண்டி முன்னே வர, அம்பது அறுபது கார்கள் மெதுவாக ஊர்ந்து போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டு, கையெல்லாம் பால் பட்டுக் கறுத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கண்ணாடி வழியாக விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே போகிறார்கள். எத்தனை நாள் பொறுப்பார்கள்? இரண்டாம் நாளே ரோட்டில் கட்டையைப் போட்டு மறியல் செய்துவிடுவார்கள். செய்யவும் வேண்டும். ஜாரவாக்களும் மறியல் செய்து பார்த்தார்கள், அம்பும் வில்லுமாக. அதைக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று எழுதி வைத்தார்கள்.

இத்தனைக்கும் அந்தச் சேற்று எரிமலை அப்படி ஒன்றும் மலைத்துப்போகிற காட்சி இல்லை. எரிமலை என்றதும் தீ கக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். வேலி போட்ட திடலில் சாம்பல் நிறச் சேறு, நடுவில் குமிழி. நெய்வேலிச் சுரங்கத்தின் ராட்சத இயந்திரங்களையும் மலை மலையாகக் குவிந்த மண்ணையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, "இதுக்காப்பா மூணு மணிக்கு எழுப்பினீங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. குகைக்குப் போகும் வழியில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அலையாத்திக் காட்டில் படகில் போக, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறதே! காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கடல் கடந்து போய் இன்னொருவர் வீட்டு முற்றத்தை மிதித்துத்தான் அலையாத்தி பார்க்க வேண்டும் என்றில்லை.

டிரைவர்கள், படகுக்காரர்கள் பிழைப்பு என்னாவது என்றும் கேட்பார்கள். பாராடாங்குக்குக் கடல் வழியாகவே பயணிகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் படகுக்காரர் பிழைப்பு கெடாது. காட்டுச் சாலை வழியாகப் போவதுதான் மலிவு, அதுதான் வசதி, ஆகவே அதுவே நடக்கிறது. அரசு தானாகச் செய்யாது. டிக்கெட் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றால் மறுநாளே மாற்றுவழி பிறக்கும்.

இதை மற்றவர்களைவிட நெய்வேலி சுற்றுவட்டாரத்துக்காரர்கள் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும். 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து நிலக்கரிக்காக ஊரையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு வேறிடம் போன குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை! நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், வாஸ்தவம்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல் வயலில் இயந்திரம் இறங்கியபோது வந்த கோபமும் வாஸ்தவம்தான். 'வளர்ச்சி' என்ற சொல் யார் வாசலில் வந்து நிற்கிறதோ அவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும்.

அந்தமானுக்குத் தெற்கே, கிரேட் நிக்கோபாரில் இப்போது அந்தச் சொல் வந்து நிற்கிறது. சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம், கூடவே சுற்றுலாவும். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாயிற்று. 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு போகும். வெட்டப்படும் மரங்கள் 9.6 லட்சம் என்பது அரசே சொன்ன கணக்கு. துறைமுகம் வரும் கலாத்தியா குடா, உலகத்தின் மிகப் பெரிய ஆமையான தோல்முதுகு ஆமை கரையேறி முட்டையிடும் இடம். அது சரணாலயமாக இருந்தது. 2021 ஜனவரியில் சரணாலயம் என்ற தகுதியை எடுத்துவிட்டார்கள். வெட்டுகிற மழைக்காட்டுக்கு ஈடாக எங்கே மரம் நடுவார்களாம் தெரியுமா? ஹரியானாவில்! பலாமரம் வெட்டியதற்குப் பதிலாக ராஜஸ்தானில் கருவேலம் நட்டேன் என்று பண்ருட்டிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

மரம் வளர்வது எவ்வளவு மெதுவான வேலை என்று இந்த ஊர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. ஒரே ராத்திரியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த பலாவுக்கு மறுபடி பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டும். கடலுக்கடியில் பவளப்பாறையும் அதேபோல்தான். கடல் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் வெளுத்துப் போகும். 2010-ல் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, 2016-ல் மறுபடியும். அதன்மேல் ஏறி நின்று மூழ்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பூஜை அறையில் வைக்கலாமே என்று பையில் போட்டால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பவளம் முழுக்க வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பு பெற்றது. 2001-லிருந்தே அப்படித்தான்.

ஆக, ஏஜென்ட் நீட்டுகிற தாளில் பாராடாங் என்று எழுதியிருக்கும் நாளை அடித்துவிடச் சொல்லலாம். "எல்லாரும் போறாங்க சார்" என்பார், சொல்லட்டும். அந்த நாளுக்கு என்ன செய்வது என்றால், வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, 1983-ல் அமைத்தது. அங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகும். ஆண்டில் பாதி நாள் ஜாலி பாயைத் திறப்பார்கள், மீதி நாள் அதை மூடி ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். கடலுக்கு ஓய்வு கொடுக்கிற ஏற்பாடு. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் கரையில் முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து காலிப் பாட்டிலைக் காட்டினால்தான் பணம் கொடுப்பார்கள். கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து குனிந்தால் பவளமும் மீனும் தெரியும். கண்ணாடிக்கு மூன்று வயதுக் குழந்தையும் அறுபது வயது அம்மாவும் முட்டி மோதிக்கொள்வார்கள். சாயங்காலம் சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினால், மறுநாள் ஏழு மணி வரை தூங்கலாம்.